ஆறாம் அத்தியாயம்: வேற்றூர்ப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது

திருப்பூர் பனியன் கம்பெனிகளை ஒட்டிய காம்பவுண்டு வீடுகள், கோவை, ஈரோடு பக்கத்து நூற்பாலைக் குடியிருப்புகள், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகள், சென்னையைச் சுற்றிக் கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகைகள். இவற்றுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் எல்.கே.ஜி. ஆசிரியருக்கும் எழுதிய அத்தியாயம் இது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த ஒரு பிள்ளையாவது உங்கள் வகுப்பில் இப்போது இருக்கும். இல்லையென்றால் சீக்கிரம் வரும்.

பயிற்சிகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே "எனக்கு ஹிந்தி தெரியாதுங்களே" என்று முதல் குரல் எழும். அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது பெரிய தடை இல்லை. இரண்டாவது குரல் "அவங்க பழக்கவழக்கம் எல்லாம் எழுதித் தாங்க, படிச்சுக்கிறோம்" என்று கேட்கும். அதுதான் எனக்குக் கவலை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பீகார் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் யார் சோறு ஊட்டுவார்கள், அழுதால் யார் தூக்குவார்கள், தூங்குவதற்கு எதைப் பிடித்துக்கொள்ளும், ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்லும் என்பவைதான் அதன் பண்பாடு. மாநிலத்தைப் படிக்க வேண்டாம், இந்த ஒரு வீட்டைத் தெரிந்துகொண்டால் போதும். பக்கத்து அறையில் குடியிருக்கும் இன்னொரு பீகார்க் குடும்பத்தில் எல்லாமே வேறாக இருக்கலாம்.

பதிவேட்டில் ஏற்றும்போது

"ஆதார் இல்லை, பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். இதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு உள்ளூர் அங்கன்வாடி வழியாக விலையில்லா உணவு உண்டு என்று 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எந்த மாநிலத்துக் குழந்தை என்று அது கேட்கவில்லை. பள்ளிச் சேர்க்கையிலேயே வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். போஷன் டிராக்கர் செயலியில் பிள்ளைக்கு ஆதார் இல்லாவிட்டால் தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம். குடும்பம் ஊரில் ஏற்கெனவே ஓர் அங்கன்வாடியில் பதிந்திருந்தால் அந்தப் பதிவை இங்கே மாற்றிக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. கையில் தடுப்பூசி அட்டை இருந்தால் உடனே படம் எடுத்துக் கிராம சுகாதார செவிலியருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு ஊருக்கு நடுவில் விட்டுப்போவது பெரும்பாலும் தடுப்பூசிதான்.

காகிதம் கேட்கும் குரலையும் கவனியுங்கள். வங்காளி பேசும் முஸ்லிம் குடும்பங்களுக்கு "எந்த ஊர், என்ன ஆதாரம்" என்ற கேள்வி நம் காதில் விழுவது போல விழாது. வங்கதேசத்துக்காரர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. சாதி, மதம், சொந்த ஊர் எல்லாவற்றையும் மற்ற தாய்மார் காது கேட்க வாசலில் வைத்து விசாரிக்க வேண்டாம்.

அடுத்தது பெயர். நம் பழக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுவிடுவோம். அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. பீகார்ப் பெண்பிள்ளையின் பெயரோடு வரும் 'குமாரி' குடும்பப் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை, அம்மா பெயரோடு வரும் 'தேவி'யும் அப்படித்தான். நாமாக ஓர் இனிஷியலைச் சேர்த்தோ, ஒரு சொல்லை விட்டோ எழுதிவிட்டால், பின்னால் பள்ளிச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் பெயர் பொருந்தாமல் அந்தக் குடும்பம்தான் அலையும். காகிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வங்காளிக் குடும்பங்களில் வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் வெளியே எழுத ஒரு பெயரும் இருப்பது சகஜம். பீகாரிலும் செல்லப்பெயர் இல்லாத பிள்ளை அபூர்வம். பதிவேட்டில் எழுதிய பெயரைச் சொல்லி நீங்கள் நாலு முறை கூப்பிட்டும் பிள்ளை திரும்பவில்லை என்றால், காது மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பெயரை அம்மாவைச் சொல்லச் சொல்லி, நீங்கள் திருப்பிச் சொல்லி, அவர் சரி என்று தலையாட்டும் வரை விடாதீர்கள். நம் எழுத்தில் ஒரே 'க'வும் ஒரே 'ப'வும்தான். அவர்கள் காதுக்கு அவை நான்கு நான்கு. எழுத்தில் காட்ட முடியாததை வாயில் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவது

பெற்றோரை மையத்துக்கு வரச் சொல்லிக் காத்திருந்தால் வர மாட்டார்கள். அக்கறையில்லாமல் இல்லை. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்குத் திரும்புவார். அரை நாள் லீவு அரை நாள் கூலி. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஆகவே ஞாயிறு பத்து மணிக்கு மேல், துணி துவைத்து முடித்திருக்கும் நேரத்தில், நீங்கள் போங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு முறை போதும், அரை மணி நேரம்.

இது புது யோசனையும் இல்லை. 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக் குழந்தைகள் மையம் தொடங்கியபோது, ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளின் பிள்ளைகள் அதற்கு வரவில்லை. அவரும் அனுதாய் வாக்கும் அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போய் வகுப்பு நடத்தினார்கள். பிறகு கோஸ்பாட் மலையில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகள் மாடு மேய்த்த வெளியிலேயே பாடம் நடந்தது. நாடு முழுவதும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வருவதற்கு, அதாவது 1975 அக்டோபர் 2-க்கு, பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை அது.

போகும்போது ஆயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை நாளைக்கு அழுதால் தூக்கப்போவது பெரும்பாலும் அவர்தான். தமிழ் கொஞ்சம் பிடிபட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். போன் செய்யும் மொழிபெயர்ப்பை நம்பிப் போனால், அது புத்தக ஹிந்தியில் ஏதோ சொல்லும். வீட்டில் மைதிலி பேசும் அம்மா மரியாதைக்குத் தலையாட்டுவார். நீங்கள் புரிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்புவீர்கள்.

அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்கிறார்கள். ஹிந்தி, வங்காளி பேசுகிறவர்களுக்கு 'தீதி' என்றால் அக்கா. ஒடியா பேசுகிறவர்களுக்கும் புரியும். உங்களை அவர்கள் அப்படிக் கூப்பிட்டாலும் விட்டுவிடுங்கள், 'டீச்சர்' என்று திருத்த வேண்டியதில்லை. ஊரில் அங்கன்வாடிக்குப் போன பிள்ளை அங்கேயும் தீதி என்றுதான் சொல்லியிருக்கும்.

கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். மத்தியானம் தூங்குமா, எப்படித் தூங்க வைப்பார்கள்? தானே சாப்பிடுமா, ஊட்ட வேண்டுமா? முட்டை உண்டா, இல்லையா? சில வீடுகளில் செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது என்பார்கள். எதைக் கண்டால் பயம்? கழுத்துக் கயிறு, தாயத்து, கறுப்புப் பொட்டு இருந்தால் அதைப் பற்றிக் கேள்வியே வேண்டாம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டுவதுதான். கழுத்தை இறுக்கும்படி இருந்தால் மட்டும் தளர்த்தச் சொல்லுங்கள். தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு, இரண்டுக்கு, அம்மா வருவாள். இந்த ஆறையும் அந்த வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். குறிப்பாக ஒன்றுக்குப் போவதற்கான சொல். அது வீட்டுக்கு வீடு மாறும், எந்த அகராதியிலும் கிடைக்காது.

கூட்டிப்போக யார் யார் வருவார்கள் என்று கேட்டு, அவர்கள் படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதை வெறும் நடைமுறை என்று தள்ளாதீர்கள். 2018 மே மாதம் 'பிள்ளை பிடிப்பவர்கள்' என்ற வதந்தியில் தமிழ்நாட்டில் உயிர்களே போயின. வடக்கிலிருந்து வந்த ஒரு சித்தப்பா அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் இன்றும் மடக்கிக் கேட்க ஆள் இருக்கிறது. அவரை எதிரே இருக்கும் மளிகைக் கடைக்காரரிடம் நீங்களே ஒரு முறை அறிமுகப்படுத்தி வைத்தால் போதும். பயம் மறுபக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பலர் பெட்டி கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். பொய் என்று காவல்துறை சொன்ன பிறகும் அந்தப் படங்கள் போனில் சுற்றின. உங்களைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் நின்றே பேசும் அம்மா அந்தக் காணொளியைப் பார்த்தவராக இருக்கலாம்.

முதல் நாட்கள்

அம்மாவை மூன்று நாள் கூடவே உட்காரச் சொல்வது புத்தகத்தில் நன்றாக இருக்கும். கூலி வேலைக்காரரால் முடியாது. ஷிப்டுக்கு முன் அரை மணி நேரம் முன்னதாக வந்து, பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, பொம்மையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். அண்ணனோ அக்காவோ பக்கத்துப் பள்ளியில் படித்தால் இடைவேளையில் எட்டிப் பார்க்க அந்தத் தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பிள்ளை பார்க்காத நேரத்தில் அம்மா நழுவிப் போகக் கூடாது. நழுவிப் போகச் சொல்வதுதான் நம்மில் பலர் ஆயுசுக்கும் கொடுத்துவரும் ஆலோசனை. அப்போதைக்கு அழுகை மிச்சம். ஆனால் மறுநாள் முதல் பிள்ளை வாசலை விட்டுக் கண்ணை எடுக்காது. "போயிட்டு வரேன்" என்று சொல்லி, அழுதாலும் சொல்லி, போகட்டும். வாசனை பழகிய பழைய துப்பட்டாத் துண்டு ஒன்றை விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அழுக்காக இருந்தாலும் துவைத்துவிடாதீர்கள்.

கழிப்பறைக்கு முதல் நாள் நீங்களோ ஆயாவோ கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தே வைத்துக் காட்டுங்கள். வெட்டவெளியில் பழகிய பிள்ளைக்கு இருட்டான, கதவு சாத்திய அறை பயமாக இருக்கும். நனைத்துவிடும் பிள்ளைகளில் பல பயந்து அடக்கியவைதான்.

புதுப் பிள்ளை வருவதற்கு முந்தைய நாளே மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். பெயரைச் சொல்லி எல்லோரையும் சொல்லிப் பார்க்க வையுங்கள். "பாவம், அவளுக்குத் தமிழ் தெரியாது" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் 'பாவம்' அவள் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். கொங்குப் பக்கத்து டீச்சர் ஒருவர் இப்படித்தான் தொடங்குவார்: "நாளைக்கு ரிங்கி வருதுங்க கண்ணு. அதுக்கு அவங்க வீட்டுப் பேச்சு நல்லா வரும். நம்ம பேச்சை இனிதான் கேட்கப்போகுது. நீங்க மெதுவா பேசணும், சரிங்களா?" பிள்ளைகளையும் வாங்க போங்க என்று கூப்பிடும் ஊர்ப்பக்கம் அது. அந்த மரியாதை ரிங்கிக்கும் அப்படியே கிடைக்கும்.

பேசாத மாதங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

புது மொழிக்கு நடுவில் விடப்பட்ட சிறு பிள்ளை என்ன செய்யும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் பாட்டன் டேபர்ஸ் 1997-இல் வெளியான தன் நூலில் நான்கு கட்டங்களாக விளக்கினார். முதலில் தன் வீட்டு மொழியிலேயே எல்லோரிடமும் பேசும். யாருக்கும் புரியவில்லை என்று கண்டதும் பேச்சை நிறுத்திவிடும். அடுத்து ஒற்றைச் சொற்களும் மனப்பாடமான தொடர்களும் வரும். கடைசியில் தானாக வாக்கியம் கட்டும். நம்மைக் கலங்க வைப்பது இரண்டாவது கட்டம். சில வாரமோ, சில மாதமோ, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அந்த நாட்களில் பிள்ளை சும்மா இல்லை. யார் எதைச் சொன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. "தட்டு எடுத்துட்டு வாங்க" என்றால் மற்றவர்களைப் பார்த்துத் தானும் எடுத்து வரும். பிறகொரு நாள் யாரையும் பார்க்காமலே எடுத்து வரும். அதைக் கவனித்துக் குறித்து வையுங்கள். பேச்சு வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த முன்னேற்றம் கண்ணில் படாது.

அந்தக் கட்டத்தில் "சொல்லு, சொல்லு, அம்மா சொல்லு" என்று வாயைப் பிடுங்காதீர்கள். எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திப் பெயர் கேட்பதும் வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. தினமும் அதே வேலைக்கு அதே நேரத்தில் அதே சொற்களைச் சொல்லுங்கள். இன்று "கை கழுவலாம் வாங்க", நாளை "போய்ச் சுத்தம் பண்ணிட்டு வாங்க" என்று மாற்றினால் பிள்ளை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்கும். வீட்டில் பேசுவது போலப் பேசுங்கள், பாடப்புத்தகத் தமிழ் வேண்டாம். அங்கன்வாடிப் பாட்டுகளில் கை, கால் ஆட்டும் பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். பேசாத பிள்ளையும் கையை ஆட்டும். பாட்டின் கடைசிச் சொல் மட்டும் ஒரு நாள் வாயிலிருந்து வரும். அதைக் கேட்டுக் கூச்சலிட்டுக் கைதட்டிவிடாதீர்கள், மறுபடி வாயை மூடிக்கொள்ளும்.

இப்போது ஹிந்திக்கு வருவோம். வடக்கிலிருந்து வந்த பிள்ளை என்றால் ஹிந்தி தெரியும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பீகார் வீடுகளில் பேச்சு போஜ்புரி, மைதிலி, மகஹி. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களில் சந்தாலி, முண்டாரி, ஹோ, குடுக் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சூளைக்கு வரும் பலாங்கீர், நுவாபடா பக்கத்துக் குடும்பங்கள் பேசும் சம்பல்புரிக்கும் புவனேஸ்வர் ஒடியாவுக்கும் நிறைய வித்தியாசம். நீங்கள் சிரமப்பட்டுக் கற்ற பத்து ஹிந்தி வாக்கியங்கள் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இரண்டாவது அந்நிய மொழி. 'பானி' என்றால் தண்ணீர் என்பது பெரும்பாலான இடங்களில் செல்லும். ஆனால் குடுக் பேசும் பிள்ளை தண்ணீரை 'அம்ம்' என்று கேட்கும். குடுக் நம் மொழிக்கு உறவுக்கார மொழி. உறவு நமக்குத் தெரியாததால், அம்மாவைக் கேட்டு அழுகிறது என்று நினைத்துச் சமாதானம் செய்துகொண்டே இருப்போம், பிள்ளை தாகத்தோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எழுதிய ஆறு சொற்களின் மதிப்பு இங்கேதான் தெரியும்.

ஆகவே ஹிந்தி கற்கவில்லையே என்று வருந்த வேண்டாம். அந்த ஆறு சொல்லை அவர்கள் மொழியில் சொல்லுங்கள், மற்றதைத் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். வகுப்பில் அதே மொழி பேசும் இன்னொரு பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள், இருவரும் தங்கள் மொழியில் பேசட்டும். "இங்க தமிழ்தான்" என்று அதட்டாதீர்கள். நாள் முழுவதும் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாத பிள்ளைக்குப் பேசிக்கொள்ள அந்த ஒரு துணையாவது இருக்கட்டும். அதே சமயம், இரண்டு வருஷமாக இங்கே இருக்கும் ஐந்து வயதுக்காரியை முழுநேர மொழிபெயர்ப்பாளராக ஆக்கிவிடாதீர்கள். அவளும் விளையாட வந்த பிள்ளைதான்.

வீட்டிலும் தமிழே பேசட்டுமா என்று அப்பாக்கள் கேட்பார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை டியூஷனுக்குக் கொடுக்கக்கூடத் தயாராக இருப்பார்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டு மொழியில் கதையும் பேச்சும் நிறையக் கேட்கும் பிள்ளைக்குத்தான் இரண்டாவது மொழி நன்றாகப் பிடிக்கும். அன்றாடப் பேச்சுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு, பாடம் படிக்கத் தேவையான மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு என்பது கனடாவின் ஜிம் கம்மின்ஸ் போட்ட கணக்கு. விளையாட்டுத் திடலில் பொளந்து கட்டும் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் பாடம் புரியாமல் விழிப்பது சோம்பல் இல்லை என்பதை இந்தக் கணக்கு சொல்லும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? வீட்டில், தன் சொந்த மொழியிலும் பேசவில்லை என்று அம்மா சொன்னால், சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதனைக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பிள்ளையைக் காட்டுங்கள். புது மொழி என்று சொல்லி ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் செவித்திறன் குறைவு ஒரு வருஷம் மறைந்திருக்கும்.

சோறும் சாம்பாரும்

சாப்பிடவில்லை என்றால் பிள்ளை பிடிவாதம் என்று எழுதாதீர்கள். புளி பெரும்பாலும் காரணம். பருப்பு அவர்களுக்குப் பழக்கம், அதில் புளி விடுவது பழக்கமில்லை. எலுமிச்சை சாதம், தக்காளி சாதம் என்று கலந்து வைப்பதற்கு முன் ஒரு கரண்டி வெறும் சோற்றை எடுத்துவைத்துக் கொஞ்சம் வெந்த பருப்பு விட்டுக் கொடுத்தால் போதும், தனிச் சமையல் தேவையில்லை. சில வாரத்தில் அந்தப் பிள்ளையே சாம்பார் கேட்கும். கறிவேப்பிலையை எடுத்துத் தரையில் போடும், போடட்டும்.

வடக்கு என்றால் சப்பாத்தி என்ற எண்ணமும் பாதி உண்மைதான். ஒடிசா, வங்கம், அசாம் எல்லாம் நம்மைப் போலச் சோற்று நாடுகள். நம் பழைய சோறு ஒடிசாவில் பகாலா, வங்கத்தில் பாந்தா பாத். பீகார் அங்கன்வாடியில் சாப்பிட்ட பிள்ளைக்குக் குழைய வெந்த கிச்சடி பழக்கம். நம் ரவைக் கிச்சடி வேறு, வெண்பொங்கலை மிளகு இல்லாமல் கொடுத்துப் பாருங்கள், உடனே அடையாளம் கண்டுகொள்ளும். சத்துமாவை வாங்கித் தூக்கிப்போடுகிறார்கள் என்ற புகாரும் உண்டு. பீகார் அம்மாக்கள் வறுத்த கடலை மாவைச் 'சத்து' என்று தினமும் தின்று வளர்ந்தவர்கள். நம் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு பிடி உருண்டை பிடித்துக் காட்டி அவரையும் தின்னச் சொல்லிவிட்டால் புகார் நின்றுவிடும்.

எண்ணெய் வாசனையும் பட்டப்பெயரும்

இதைப் பற்றிப் பயிற்சிகளில் யாரும் வாய் திறப்பதில்லை. சில பிள்ளைகளின் தலையிலும் உடம்பிலும் கடுகெண்ணெய் வாசம் வரும். நம் மூக்குக்கு அது காட்டமாக இருக்கும். அங்கே குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது இங்கே நல்லெண்ணெய் தேய்ப்பது போலத்தான். பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று முழு வகுப்பும் பார்க்கும். நீங்கள் அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் அதோடு முடிந்தது. நீங்களும் லேசாக முகம் சுளித்தால் அதை எந்தப் பாட்டாலும் சரிசெய்ய முடியாது.

'வடக்கன்', 'ஹிந்திக்காரன்', அசாம் பக்கத்துப் பிள்ளை என்றால் 'சப்பை மூக்கு'. நாலு வயதுப் பிள்ளை இவற்றைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டில், டீக்கடையில், அப்பாவின் போனில் கேட்டதை இங்கே சொல்லிப் பார்க்கிறது. கேட்காதது போல விடக் கூடாது. நீளமான உபதேசமும் கூடாது. அந்த இடத்திலேயே, சாதாரணக் குரலில், "அவன் பேரு ஆர்யன். பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றால் போதும். மறுபடி சொன்னால் மறுபடி அதையே சொல்லுங்கள். பெரியவர்களிடம்தான் கூடுதல் வேலை. "அந்தப் பிள்ளைங்க கூட உட்காரவெச்சா பேன் வரும்", "எங்க புள்ள தமிழை மறந்துடும்" என்று உள்ளூர் அம்மாக்கள் வருவார்கள். பேன் என்றால் வகுப்பு முழுவதற்கும் ஒரே நாளில் தலை பாருங்கள். யார் தலையில் இருக்கிறது என்பது பல சமயம் வந்தவரின் வாயை அடைத்துவிடும். தமிழை மறந்துவிடும் என்ற பயத்துக்கு என்னிடம் நாகரிகமான பதில் இல்லை, சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஆண்டு விழா மேடை

வேற்றூர்ப் பிள்ளைக்கு ராஜஸ்தான் பாவாடையோ தலைப்பாகையோ கட்டி, 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று மேடையேற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. பிள்ளையின் குடும்பம் பீகாரின் சஹர்சா பக்கமாக இருக்கும், ராஜஸ்தானைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். 1989-இல் லூயிஸ் டெர்மன் ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இம்மாதிரிப் பாடத்தைச் சுற்றுலாப் பாடம் என்று கண்டித்தார். ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் முதல் பழையபடி நடப்பது. அந்தக் கண்டிப்பு நமக்கும் பொருந்தும். விழாவுக்குச் செலவிடும் நேரத்தில் சாமான் மூலையில் ஒரு சின்னச் சப்பாத்திக் கட்டையும் குழவியும் வையுங்கள். சுவரில் ஒட்டும் குடும்பப் படங்களில் அந்தப் பிள்ளையின் அம்மா அப்பா படமும் இருக்கட்டும். எண்ணும்போது ஒரு நாள் 'ஏக், தோ' என்று அந்தப் பிள்ளை எண்ணட்டும், மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். விளையாட்டுக்கு மொழியே தேவையில்லை. நம் பாண்டி ஆட்டத்தை வங்காளிப் பிள்ளைகள் கித்கித் என்பார்கள், கட்டம் ஒன்றுதான். தம்ளர் எடுத்து வைப்பது, பாய் விரிப்பது போன்ற பேசத் தேவையில்லாத பொறுப்பு ஒன்றை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறவள் என்று வகுப்பு அறிந்த பிள்ளையை யாரும் சீக்கிரம் கேலி செய்வதில்லை.

ஊருக்குப் போகும்போது

தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை. பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கு ஆண்டின் பெரிய நாள். அதையொட்டிப் பல வீடுகள் பூட்டியிருக்கும். ரயில் சீட்டு கிடைக்கும் நாளைப் பொறுத்து ஒரு மாதம்கூட ஆகலாம். பெயரை அடித்துவிடாதீர்கள். திரும்பி வரும் பிள்ளை சில நாள் மறுபடி வாய் திறக்காது. அது பின்னடைவில்லை, முதல் தடவையைவிடச் சீக்கிரம் பேசிவிடும்.

சூளைக் குடும்பங்களின் கதை வேறு. மழை ஓய்ந்ததும் வருவார்கள், மே, ஜூனில் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு அதே சூளைக்கு வருவார்களா என்பது மேஸ்திரி கையில். "ஆறு மாசம்தானே" என்று ஓரமாக உட்கார வைக்கத் தோன்றும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. சூளை மூடும் தேதியை மேஸ்திரியிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு திங்கட்கிழமை வரும்போது கொட்டகை காலியாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் மற்ற பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் "ரிங்கி எங்க" என்று மாதக்கணக்கில் கேட்பார்கள். போஷன் டிராக்கரில் இடம்பெயர்வைப் பதிவு செய்யுங்கள். பிள்ளை வரைந்தவற்றை ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். கூடவே ஒரு தாளில் எடை, உயரம், போட்ட தடுப்பூசிகள், தேதிகள். தமிழில் பத்தி பத்தியாக எழுதினால் அங்கே யாராலும் படிக்க முடியாது. எண்களாக எழுதுங்கள், தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் போடுங்கள், தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பின் குத்தி அம்மா கையில் கொடுங்கள். ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள்.